வேலப்பன்சாவடியிலிருந்து மகளை அழைத்துவரப் போனேன்

ஊர் பார்க்க நான் போகவில்லை. மகளை அழைத்துவரத்தான் போனேன். அதனால் இதில் கோபுரமோ கடற்கரையோ வராது. சென்னைக்கு மேற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் வேலப்பன்சாவடியும், அங்கிருந்து பஸ் பிடித்துப் போகிற ஆவடியும்தான் நான் பார்த்த தமிழ்நாடு. தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

நான் அப்போது மலேசியாவில், தைப்பிங் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். எங்கள் ஊரில் டிரசர் என்றால் பாதி டாக்டர். காயம் கட்டுவது, ஊசி போடுவது, காய்ச்சல் எதனால் என்று பார்த்துத் தேவையானவர்களை டவுனுக்கு அனுப்புவது எல்லாம் நாங்கள்தான். என் ஒரே மகள் ஹெலன் வேலப்பன்சாவடியில் பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள், மூன்றாம் வருடம். அவளை அங்கே சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் என் மனைவி ரோஸ்லின்.

முந்தைய ஆண்டு ரோஸ்லின் இறந்துபோனாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. ஹெலனுக்கு விமானத்தில் இடம் கிடைத்து அவள் வீடு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வீடு நிறைய சொந்தக்காரர்கள். அழக்கூட ஒரு மூலை இல்லை. பரீட்சை வருகிறது என்று எல்லோருமாகச் சேர்ந்து அவளைத் திரும்ப அனுப்பிவைத்தோம்.

பிறகு அக்டோபரில் ஒரு நாள் அவளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க." ஏன் என்று கேட்டேன். அவள் பேசிய போன் பூத்துக்கு வெளியே லாரி ஹார்ன் அடிப்பது மட்டும் கேட்டது. நான் லீவு போட்டுக் கிளம்பினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. நேரில் போய்ப் பேசி, தைரியம் சொல்லி, அங்கேயே படிக்க வைத்துவிட்டு வர வேண்டும். ரோஸ்லின் ஆசைப்பட்ட படிப்பு பாதியில் நிற்கக் கூடாது.

ஆயுத பூஜை அன்று சாயங்காலம் சென்னை விமான நிலையத்தில் இறங்கினேன். அழைத்துப்போக ஜெயசீலன் வந்திருந்தார். ரோஸ்லினுடைய சித்தப்பா மகள் புஷ்பத்தின் கணவர் அவர். ஆவடியில் ராணுவத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கல்யாணப் போட்டோவில் பார்த்ததோடு சரி, அதுவரை நேரில் சந்தித்ததில்லை. ஆனாலும் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, இளைச்சுப் போயிட்டீயளே" என்றார், முன்பு என்னைத் தினமும் பார்த்தவர் மாதிரி.

ஆவடிக் குவார்ட்டர்ஸ் எனக்கு எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளை நினைவுபடுத்தியது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒவ்வொரு ஜில்லாவின் சமையல் வாசனை. இந்தப் பக்கம் மதுரை, அந்தப் பக்கம் தஞ்சாவூர், மாடியில் கன்னியாகுமரி. புஷ்பம் கதவைத் திறந்தபோது நான் ஒரு கணம் படியிலேயே நின்றுவிட்டேன். அதே மூக்கு, அதே நெற்றி. புஷ்பம் அதைப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "உள்ள வாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். சொதியும் இடியாப்பமும் வந்தன. தேங்காய்ப் பால் ஊற்றிய குழம்பு என்றால் எங்கள் நாட்டில் மலாய்க்காரர்களும் சாப்பிடுவார்கள். ஆனால் இந்த இஞ்சி மணம் வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை விஜயதசமி. ஜெயசீலன் பிடித்துக்கொடுத்த ஆட்டோவில் நான் வேலப்பன்சாவடிக்குப் புறப்பட்டேன். ஓட்டியவர் பெயர் ஏழுமலை, ஆவடிக்காரர். எங்கள் ஊர் வழக்கப்படி, ஏறியதும் மரியாதைக்குக் கேட்டேன்:

"பசியாறியாச்சா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாது சார்?"

"காலையில சாப்பிட்டாச்சான்னு கேட்டேன்."

"ஓ, நாஸ்டாவா! துன்னாச்சு சார். நீ எந்த ஊரு? பேச்சு ஒரு தினுசா கீது?"

பேச்சு தினுசாக இருந்தது அவருடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாலை முழுவதும் முந்தைய நாள் பூஜையின் மிச்சம். லாரிகள் முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஓடின. ஒர்க்ஷாப் வாசல்கள் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். கடைக்குக் கடை திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். வெள்ளைச் சதையும் சிவப்புக் குங்குமமுமாய்த் தார்ச்சாலை, விபத்து நடந்த இடம் மாதிரி கிடந்தது. அப்படி நான் நினைத்து முடிப்பதற்குள் விபத்தே நடந்துவிட்டது. கரையான்சாவடி தாண்டியதும் எங்கள் முன்சக்கரம் ஒரு பூசணித் துண்டின் மேல் ஏறி வழுக்கியது. ஆட்டோ அவசரப்படாமல், படுக்கப் போகிற எருமை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழுமலைக்கு முழங்கால் நன்றாகச் சிராய்ந்திருந்தது. டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். என் கைப்பையில் பஞ்சும் மருந்தும் எப்போதும் இருக்கும். சாலையோரம் உட்காரவைத்துக் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டேன்.

"எவன் ஊட்டு திருஷ்டியோ சார், கழிச்சிப் போட்டுட்டு அவன் ஜாலியா பூட்டான். அது என் முட்டில வந்து ஏறிச்சு" என்றார் ஏழுமலை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டை மாற்ற வேண்டும், ஆவடியில் கிறிஸ்தவக் கோயிலுக்கு வருவேன், அங்கே வாருங்கள் என்று சொல்லிவைத்தேன்.

வேலப்பன்சாவடி அப்போது ஊராகவும் இல்லை, நகரமாகவும் இல்லை. நெடுஞ்சாலை, அதன் இரண்டு பக்கமும் புதிதாய் முளைத்த கல்லூரிகள், அவற்றுக்கு நடுவே நெல் வயல். மாணவர்களை நம்பித்தான் பிழைப்பு. ஜெராக்ஸ் கடை, எஸ்.டி.டி. பூத், பரோட்டாக் கடை, வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போடும் சலவைக்கடை. கல்லூரி லீவு விட்டால் தெருவே தூங்கிவிடும் என்றார் பூத்துக்காரர். இந்த வாரம் மட்டும் தூங்கவில்லை, மறுநாள் கல்லூரியில் குடும்ப நாள் என்று வாசலில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விடுதிப் பார்வையாளர் அறையில் ஹெலன் வந்து நின்றாள். அவள் இளைத்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன், இளைத்துத்தான் இருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. "பெட்டி கட்டிட்டேன்பா" என்றாள்.

விமானத்தில் வரும்போது யோசித்துவைத்திருந்த பேச்சு முழுவதையும் பேசினேன். இன்னும் கொஞ்ச காலம்தானே, அம்மா பட்ட பாடு என்ன, இவ்வளவு தூரம் வந்தாயிற்றே. அவள் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "நாளைக்குக் குடும்ப நாள் இருக்கு. நீங்க வந்தா வாத்தியாருங்க பார்க்கணும்பாங்க. வாங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது வெற்றியா தோல்வியா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை கல்லூரி மைதானம் திருவிழாவாக இருந்தது. அம்பத்தூர், திருவள்ளூர், வேலூர், இன்னும் எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் டிபன் கேரியரும் ஜமுக்காளமுமாய் வந்திருந்தன. தைப்பிங்கில் பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் பெற்றோர் கொட்டகையில் அமைதியாக உட்கார்ந்து கைதட்டுவோம். இங்கே பெற்றோர்தான் ஓடினார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய அப்பாக்கள் கயிறு இழுத்தார்கள். ஒரு போலீஸ்கார அப்பா கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, குற்றவாளியைத் துரத்துகிற முகத்தோடு ஓடினார். ஸ்டாலில் மிளகாய் பஜ்ஜி, சுண்டல், ரோஸ் மில்க். நான் எல்லாவற்றையும் வாங்கித் தின்றேன். ஹெலன் ஒரு பஜ்ஜியை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள்.

மதியத்துக்கு மேல் ஒலிபெருக்கியில் ஒரு மாணவன் கூவினான்: "அடுத்தது ஜடை பின்னும் போட்டி! அம்மாக்கள் எல்லாம் மேடைக்கு முன்னால வாங்க. உங்க பொண்ணை உட்கார வெச்சு யார் சீக்கிரமா, அழகா பின்னி பூ வெக்கிறாங்களோ அவங்களுக்குப் பரிசு!"

மைதானத்தில் ஒரே ஆரவாரம். அம்மாக்கள் மகள்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஹெலன் எழுந்தாள். "தண்ணி குடிச்சிட்டு வரேன்பா" என்று எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். அவள் முதுகைப் பார்த்ததும் என்னை அறியாமல் எழுந்து போய் அவள் கையைப் பிடித்தேன்.

"வா, நான் பின்னுறேன்."

"உங்களுக்குத் தெரியாதுப்பா."

"கட்டுப் போடத் தெரியும். அதுவும் சுத்துறதுதானே."

பெண்களின் வரிசையில் நான் ஒருவன்தான் ஆண். கூட்டம் கைதட்டியது. விசில் அடித்தார்கள். ஹெலன் முதலில் நெளிந்தாள், பிறகு உட்கார்ந்தாள். நான் கூந்தலை இரண்டாகப் பிரித்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்த அம்பத்தூர் அம்மாள் தன் மகளைப் பின்னுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு, "சார், சார், மூணு கால் எடுக்கணும் சார்! ரெண்டுல பின்ன முடியாது" என்றார். மறுபடி மூன்றாகப் பிரித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். காதுக்குப் பின்னால், பின்னந்தலையில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடியே இல்லை. வழுவழுவென்று வெறும் தோல். அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று. புழுவெட்டு என்று நம் ஊர்களில் சொல்வார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் பலருக்குப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு, சீட்டுப் பணத்தை இழந்த ஒரு மனிதருக்கு. மனத்தில் தங்கிவிட்ட அதிர்ச்சி சிலருக்கு முடியில் வந்து நிற்கும். தலையை இப்படி வாரி, அப்படி வாரி, ஹெலன் அதை எத்தனை நாளாய் மறைத்துக்கொண்டிருந்தாளோ.

என் கை நின்றதை அவள் உணர்ந்துவிட்டாள். திரும்பாமலே மெல்லிய குரலில், "பின்னுங்கப்பா. எல்லாரும் பார்க்குறாங்க" என்றாள்.

பின்னினேன். அந்த இடம் தெரியாதபடி பின்னினேன். எல்லோரும் முடித்துப் பரிசு கொடுத்தபிறகும் பின்னிக்கொண்டிருந்தேன். கடைசியாகப் பூ வைத்தபோது மைதானமே எழுந்து கைதட்டியது. அம்பத்தூர் அம்மாள் தனக்குக் கிடைத்த பரிசை, ஒரு எவர்சில்வர் டப்பா, ஹெலன் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் இருவரும் ஆவடி பஸ்ஸில் ஏறினோம். ஆளுக்கொரு ஓரமாய் நின்றுகொண்டுதான் பயணம். பருத்திப்பட்டு வந்து கொஞ்சம் கூட்டம் குறைந்து இடம் கிடைத்ததும் சொன்னேன்: "திங்கட்கிழமை ஆபீஸ்ல சொல்லிட்டு ஊருக்குப் போயிருவோம்மா. படிப்பு வேண்டாம்."

அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். "நாளைக்கு அறுப்புப் பண்டிகை முடிச்சிட்டுக் கிளம்பலாம். சித்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள்.

விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலில் படைக்கும் அறுப்புப் பண்டிகை எங்கள் தைப்பிங் சபையிலும் உண்டு. ரப்பர்த் தோட்டத்தில் என்ன அறுப்பது? டின் பால், பிஸ்கோத்து, ஒரு மூட்டை அரிசி என்று கடையில் வாங்கிப் படைப்போம். ஆவடியிலும் வயல்காரர்கள் குறைவு; எல்லோரும் தொழிற்சாலை ஆட்கள். ஆனால் ஞாயிறு காலை கோயிலுக்குள் வந்த காணிக்கைகளைப் பார்த்தபோது ஆச்சரியப்பட்டேன். குவார்ட்டர்ஸ் கொல்லையில் விளைந்த பூசணி, வாழைத்தார், முருங்கைக்கீரைக் கட்டு, கால் கட்டிய சேவல், ஒரு ஜோடி முயல், பப்பாளி, வீட்டில் செய்த கேக். ஒரு பெரியவர் தன் வீட்டுக் கருவேப்பிலைக் கன்றை டால்டா டின்னோடு தூக்கி வந்தார். திருமுல்லைவாயிலில் புஷ்பம் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கரும்பைத் தோளில் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடி வந்தார்கள். சேவல் ஜெபம் முழுக்கக் கூவியது. போதகர் பொறுமையாக இருந்தார்.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் ஸ்டால்கள். ஹெலன் எங்கே என்று தேடினேன். பந்தலின் கடைசியில், பெரிய இரும்புச் சட்டிக்குப் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் ஊர் மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் நீண்ட வரிசை.

அப்போது வானம் இருண்டது. எங்கள் ஊர் மழை தினமும் வருகிற விருந்தாளி, சொல்லிக்கொண்டு வரும். ஆவடியில் வந்த மழை கதவை உடைத்துக்கொண்டு வந்தது. பந்தல் மேலே போட்டிருந்த தார்ப்பாய் தண்ணீர் தேங்கித் தொப்பை மாதிரி தொங்கத் தொடங்கியது, சரியாக ஹெலனுடைய அடுப்புக்கு மேல். நான் ஓடினேன். ஆனால் அதற்குள் அவள் குரல் கேட்டது.

"இன்னா அண்ணாத்தே, பாத்துகினே நிக்கிறீங்கோ? அந்தக் கழி எடுத்துகினு வாங்கோ! நடுவுல குத்தாதீங்கோ, கிழிஞ்சிடும். ஓரமா தூக்கு, ஓரமா!"

யாரை அதட்டுகிறாள் என்று பார்த்தால் ஏழுமலை. மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கட்டு மாற்றிக்கொள்ள வந்தவர். கட்டுப் போட்ட காலோடு மூங்கிலை எடுத்துத் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். தண்ணீர் அருவியாய்ப் பந்தலுக்கு வெளியே கொட்டியது.

"இந்தம்மா நம்ம பேட்டைக்காரங்கோ போல கீதே!" என்றார் ஏழுமலை.

"என் பொண்ணு" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. விடுதிச் சமையல்கார அம்மாக்களிடம் கற்றுக்கொண்ட பேச்சு அது என்று பிறகு சொன்னாள். ரோஸ்லின் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். ஹெலன் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

மழை விடுவதாக இல்லை. காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவதைக் கோயில் வராந்தாவுக்கு மாற்றினார்கள். ஏலம் விடுபவர் ஜெயசீலன். வருடாவருடம் அவர்தானாம். பண்டிகை ஏலத்தில் விலைக்கு அர்த்தம் கிடையாது. கோயிலுக்குக் கொடுக்க ஆசை உள்ளவர்கள் ஒரு முருங்கைக்காய்க்காக மல்லுக்கட்டுவார்கள். முயல் ஜோடி போனது. சேவலைப் போதகரே எடுத்தார், அடுத்த வாரப் பிரசங்கம் அமைதியாக நடக்க வேண்டும் என்று. பிறகு ஜெயசீலன் ஒரு கண்ணாடி ஜாடியைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஏதோ.

"இது மலேசியாப் பலகாரம். நம்ம ஹெலன் செஞ்சது. பேரு காயாவாம். காயா பழமான்னு வாங்கித் தின்னாத்தான் தெரியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து, அடுப்பை விட்டு நகராமல் கிண்டி எடுக்கிற காயா. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரோஸ்லின் கிண்டுவாள். வீட்டில் அவள் வைத்துவிட்டுப் போன கடைசி ஜாடி தீர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. கடையில் விற்பதை நான் வாங்கவே இல்லை.

கையைத் தூக்கினேன். எதிர்ப்பக்கம் ஒரு பருத்த மனிதரும் தூக்கினார். கொரட்டூரில் இரும்புக்கடை வைத்திருப்பவராம், ஒவ்வொரு வருடமும் விளையாட்டாய் ஏலத்தை ஏற்றிவிடுவது அவருக்கு வழக்கம். நான் கூட்டினேன். அவர் கூட்டினார். கூட்டம் சூடு பிடித்தது. மறுபடி கூட்டினேன். அவரும். என் கை இறங்கவே இல்லை. எவ்வளவுக்குப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "மலேசியாக்காரரு உட மாட்டாரு போல கீதே! அப்படி இன்னா சார் கீது அந்த ஜாடில?"

நானும் சிரித்துச் சமாளித்திருக்கலாம். வாயில் வந்தது வேறு. "என் சம்சாரம் செய்றது. இப்ப அவ இல்ல."

கொரட்டூர்க்காரர் கையை இறக்கிக்கொண்டார். "எடுத்துக்கோ சார்" என்றார். ஜெயசீலன் "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. மூன்றாவது தரத்தைப் புஷ்பம்தான் பின்னாலிருந்து சொன்னாள்.

ஜாடியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஹெலன் என் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் எங்கிருந்தோ வாங்கிய பன்ரொட்டி. வராந்தாக் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பிய்த்து, தடவி, ஆளுக்கொரு வாய் சாப்பிட்டோம்.

"நல்லால்லை, இல்ல?" என்றாள்.

"கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"வாசனைக்குப் போடுற பாண்டான் இலை இங்க கிடைக்கலப்பா. சித்தி பிரியாணிக்குப் போடுற இலையை வாங்கிட்டு வந்து குடுத்தாங்க, அது வேற வாசனை. போன வாரம் அவங்க வீட்டுல மூணு தடவை கிண்டிட்டேன். அம்மா எப்ப அடுப்பைக் குறைப்பாங்க, ஞாபகமே வரல. அம்மா பக்கத்துல நின்னு நான் ஒரு நாளும் ஒழுங்கா பார்த்ததில்ல." கையிலிருந்த ரொட்டியை மடியில் வைத்தாள். "அம்மா முகத்தைக்கூடக் கடைசியா நான் பார்க்கலை. வீட்டுக்கு வந்தேன், ஒரே கூட்டம். அம்மா டவுனுக்குப் போயிருக்காங்க, சாயங்காலம் வந்திருவாங்கன்னுதான் எனக்கு இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு. இங்க உட்கார்ந்துகிட்டு, அங்க அம்மா இருக்காங்கன்னு நினைச்சிக்கிறேன். திடீர்னு இல்லைன்னு தெரியுது. வகுப்புல, பஸ்ல, எங்க வேணும்னாலும்."

அவள் தொடர்ந்தாள்.

"படிப்பை விடணும்னு நான் கேட்கலப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் கேட்டேன். அம்மா இல்லாத வீட்டுல நான் கொஞ்ச நாள் இருக்கணும். அவ்வளவுதான்."

தொலைபேசியில் அவள் சொன்ன சொற்களை நினைத்துப் பார்த்தேன். ஆமாம், அதைத்தான் சொல்லியிருந்தாள். படிப்பு என்று ஒரு சொல் அதில் இல்லை. இருக்க வைக்க வேண்டும் என்று வந்தேன், பிறகு விட்டுவிடச் சொன்னேன். இரண்டும் அவள் கேட்காதது.

"ஒரு வருஷம் போகும். பின்னாடி வர்ற பசங்களோட உட்காரணும்" என்றேன்.

"உட்கார்றேன்."

புஷ்பம் வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். ஜாடியிலிருந்து விரலால் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "அக்கா இதைவிட நல்லா செய்வாளோ?" என்று கேட்டாள். ஹெலன் அழுதுகொண்டே சிரித்தாள். அதன் பிறகு மழை விடும்வரை நாங்கள் மூவரும் ரோஸ்லினைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஒரு வருடமாக நான் யாரிடமும் அப்படிப் பேசியிருக்கவில்லை. நடுவில் ஏழுமலையின் முழங்காலுக்குக் கட்டு மாற்றினேன். காயம் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது. அவர் பிள்ளைகள் காயாவை வழித்துத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

திங்கட்கிழமை கல்லூரி முதல்வர் அம்மாளைப் பார்த்தோம். நான் விளக்கத் தொடங்கியதும் அவர் கையமர்த்திவிட்டு ஹெலனிடம் கேட்டார், "திரும்பி வருவியா?" ஹெலன் "வருவேன் மேடம்" என்றாள். "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சொன்னபடி அடுத்த ஆண்டு அவள் திரும்பிப் போனாள். பின்னால் வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தாள். விடுமுறைகளில் ஆவடிதான் அவளுக்கு வீடு. இப்போது ஈப்போவில் பல் பார்க்கிறாள். முடி முழுவதும் வளர்ந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்தப் பயணம் முடிந்தது ஈப்போவில் இல்லை, பட்டமளிப்பு மேடையிலும் இல்லை.

நாங்கள் தைப்பிங் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு பிற்பகல். ஹெலன் செருப்பைக் கழற்றிவிட்டு அறை அறையாகப் போனாள். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தாள். அம்மாவின் அலமாரி முன் நெடுநேரம் நின்றாள். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல், சத்தமாக அழுதாள். நான் தடுக்கவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உலை வைக்கலாம் என்று அரிசிப் பானையைத் திறந்தேன். ரோஸ்லின் இருந்தவரை அளந்தது அவள் கை, பிறகு நான் ஒருவனுக்கு மட்டும் போட்டுப் பழகியிருந்தேன். இரண்டு பேருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. குவளையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். என் கையிலிருந்து குவளையை வாங்கி அவளே அளந்து போட்டாள்.